இனிஷியல் இல்லாத ஊரில்

அக்டோபர் 6

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அல்லி தூங்குகிறாள். கதிர்வேல் கீழே நிலவறையில் துணி துவைக்கப் போயிருக்கிறான். எனக்கு உட்கார்ந்தால் தையல் வலிக்கிறது, நின்றால் இடுப்பு வலிக்கிறது. படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டு வயதில் முதல் பிள்ளை. என் கோப்பின் மேல் அதை ஒரு வியாதி மாதிரி எழுதி ஒட்டியிருந்தார்கள். பிரசவம் முடிந்ததும் ஒரு இளம் டாக்டர் வந்து, இந்த வயதில் நன்றாகச் சமாளித்தீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். நான் மலையேறி வந்ததுபோல.

இந்த ஜெர்மனியில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க வீட்டுக்கே ஒரு தாதி வருகிறாள். பெயர் ஆன்யா. பிள்ளையை வாரம் ஒரு தடவை குளிப்பாட்டினால் போதும் என்றாள். எண்ணெய் வேண்டாம், சாம்பிராணி கூடவே கூடாது. வாரம் ஒரு தடவையா, என் பிள்ளை என்ன ஜன்னல் திரையா என்று தமிழில் சொன்னேன். ஆன்யா சிரித்தாள். புரியாமல் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

அவள் போனதும் கதிர் குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கைப்பேசியில் யாரோ ஒரு அம்மாள் செய்து காட்டியதைப் பார்த்துப் பார்த்து, அல்லியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினான். அவனுக்கு முழங்காலில் முடி அதிகம். பிள்ளைக்கு உறுத்தும். சொன்னேன். ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டான். துண்டும் சரியாக மடிக்கவில்லை.

அக்டோபர் 9

கீழ்வீட்டு அம்மாள் ஃப்ராவ் கெர்லாக் கதவைத் தட்டினார். குழந்தைக்காக வாழ்த்துச் சொல்ல என்று நினைத்தேன். தள்ளுவண்டியை மாடிப்படி அடியில் வைக்கக் கூடாதாம், தீப்பிடித்தால் வழி மறிக்குமாம். அதே இடத்தில் அவருடைய இரண்டு பெரிய பூந்தொட்டிகள் இருக்கின்றன. தொட்டிக்குத் தீயணைப்புப் படை வழிவிடும் போலிருக்கிறது.

கதிர் வண்டியை நிலவறைக்கு இறக்கினான். இனி ஒவ்வொரு தடவையும் தூக்கி ஏற்ற வேண்டும். “விடு, பெரியவங்க” என்றான். யார் எதைச் செய்தாலும் விடு என்று சொல்ல இவனுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

அக்டோபர் 14

பதிவு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அல்லியின் பிறப்பைப் பதிய முடியவில்லை, நேரில் வாருங்கள் என்று. அவளைச் சால்வையில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு கதிரோடு டிராமில் போனேன். பிரசவத்துக்குப் பின் முதல் வெளிப்பயணம். அதுவும் அரசாங்க ஆபீசுக்கு.

அங்கிருந்த அம்மாள் பெயர் ஃப்ராவ் ப்ராண்ட். ஆஸ்பத்திரியில் கதிர் எழுதிக் கொடுத்திருந்ததை எடுத்துக் காட்டினார். பெயர்: அல்லி. குடும்பப் பெயர்: K. நம் ஊர் வழக்கப்படி இனிஷியல் போட்டிருக்கிறான். பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறவன், சாமர்த்தியசாலி, பிள்ளையைப் பார்த்த மயக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறான்.

ஒற்றை எழுத்து பெயராகாது என்றார் ஃப்ராவ் ப்ராண்ட். அப்படியானால் கதிர்வேல் என்று முழுசாகப் போடுங்கள் என்றான். அது உங்கள் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் அல்ல என்றார். உங்கள் குடும்பத்தின் பெயர் என்ன என்று பொறுமையாகக் கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். எதையோ பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்.

பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று ஏஜெண்ட் சொன்னதால் அவரவர் அப்பா பெயரைப் போட்டுவிட்டோம். கதிருக்குச் சென்னியப்பன். எனக்கு முனியாண்டி. இந்த ஊர்க் கணக்கில் அவைதான் எங்கள் குடும்பப் பெயர்கள். அல்லி சென்னியப்பன் அல்லது அல்லி முனியாண்டி. இரண்டில் ஒன்று. ஒரு மாதத்துக்குள் நாங்கள் இருவரும் ஒத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டு தலையிடும்.

திரும்பி வரும்போது டிராமில் கதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “சென்னியப்பன்னே போட்டுரலாம், பிரச்சினை இல்லாம” என்றான்.

யாருக்குப் பிரச்சினை இல்லாமல் என்று நான் கேட்கவில்லை. அல்லி பாலுக்கு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்டோபர் 15

கேட்காமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். கதிருடைய அப்பா சென்னியப்பன் வரவில்லை. போன் செய்தார். கதிர் ஸ்பீக்கரில் போட்டிருந்தான், ஆசீர்வாதம் பண்ணுவார் என்ற நம்பிக்கையில். அவர் குரலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “இனிமே எம் பேரோட மொத எழுத்தை உம் பேருக்கு முன்னால போடாதே. கெசட்டுல மாத்திக்கோ. முனியாண்டின்னு பேரிருக்கறவன் நம்ம தோட்டத்துல வாசலுக்கு வெளிய நின்னுதான் பேசுவான். அவன் மகளக் கட்டுனவனுக்கு எம் பேரு வேண்டாம்.” நிதானமாகத்தான் சொன்னார். தோட்டத்தில் தண்ணீர் பாய்கிற சத்தம் பின்னால் கேட்டது.

அந்தப் பெயரைத்தான் என் மகள் சுமக்க வேண்டுமாம்.

காலையில் கதிரிடம் முனியாண்டி என்று போடுவோம் என்றேன். அவன் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தான். “முனியாண்டியா? ஓட்டல் பேரு மாதிரி இருக்குமே” என்று சிரித்தான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். அது எனக்குத் தெரியும். பெயர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் ஒன்றும் கிடையாது. சரியான ஒரு காரணம் சொன்னால் ஒத்துக்கொள்வேன்.

தோசையை நான் தொடவில்லை.

அக்டோபர் 17

பேசவில்லை. டயப்பர் தீரப்போகிறது என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 19

அப்பா வீடியோவில் வந்தார். சோழவந்தானில் மழையாம். கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொள்வதால் நெற்றியும் ஒரு கண்ணும்தான் எப்போதும் தெரியும். அந்த ஒரு கண் பேத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பெயர் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“எம் பேரா? வேணாம் தாயி. பள்ளிக்கூடத்துல பிள்ளையப் பாத்துச் சிரிப்பாக.”

இங்கே யாருக்கும் அந்தப் பெயரைப் பற்றி ஒன்றும் தெரியாதுப்பா என்றேன். அதற்கும் வேணாம் என்றார். சம்பந்தி வீட்டுப் பெயரே இருக்கட்டும், நல்ல பெயர், கோபுரம் மாதிரி இருக்கிறது என்றார். சம்பந்தியாம். அந்த மனிதர் அப்பாவை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

அப்பா மின்சார வாரியத்தில் ஒயர்மேனாக இருந்தவர். மேலத்தெருவில் கரண்ட் போனால் பத்து வயதுப் பையன்கள் எங்கள் வீட்டு முன் வந்து நின்று “ஏ முனியா, கரண்ட் வரல” என்று கத்துவார்கள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போவார். அதற்காக அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். பழக்கமாகிவிட்டது.

அக்டோபர் 22

சென்னியப்பன் போன் செய்தார்.

கதிருடைய தங்கை சுகந்தி பிள்ளை பிறந்ததைச் சொல்லியிருக்கிறாள். பெயர்ச் சிக்கலையும் சொல்லியிருக்கிறாள். நான் உள்ளறையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து “ஆமாங்ப்பா... சரிங்ப்பா... ஆமாங்ப்பா” என்று மட்டும் கேட்டது. பதினோரு வருஷம் கழித்து அப்பாவிடம் பேசுகிறவனுக்கு வேறு வார்த்தையே இல்லை.

நான் வெளியே வந்தபோது கதிர் பால்புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். முன்பே கழுவிய புட்டி. மறுபடி சோப்புப் போட்டான்.

“எம் பேருதானே வெக்கறீங்கன்னு கேட்டாரு, கொடி” என்றான்.

அவன் முகத்தை அப்படி நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அவன் சந்தோஷமாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுத மாட்டேன். என்னைப் பற்றி விசாரித்தாரா என்று மட்டும் கேட்டேன். குழாயைத் திறந்துவிட்டான்.

அக்டோபர் 25

மார்பில் பால் கட்டிக் காய்ச்சல். முட்டைக்கோஸ் இலையை உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னாள் ஆன்யா. பொரியலுக்கு வாங்கிய கோஸ் அப்படிப் போயிற்று. வலி குறைந்ததும் ஆத்திரம் வந்தது. இதையாவது தப்பாகச் சொல்லியிருக்கலாம்.

சென்னியப்பன் தினமும் பேத்தி போட்டோ கேட்கிறார். கதிர் அனுப்புகிறான். இன்று இன்னும் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொன்னாராம். அல்லியை ஜன்னலோரம் கிடத்தி எடுத்தான். அது போதவில்லை என்று வெள்ளை விரிப்பின் மேல் கிடத்தி, கைப்பேசியில் எதையோ நகர்த்தி நகர்த்திப் பார்த்தான்.

வயதானவர், கண் மங்கல் போல என்று நினைத்தேன்.

அக்டோபர் 28

சுகந்தி என்னை அழைத்தாள். என்னை, நேராக. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அண்ணி அண்ணி என்று மூச்சுக்கு மூச்சு கூப்பிட்டாள். அவள் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. சொந்தமெல்லாம் வருகிறது. அப்பா எல்லோர் முன்னாலும் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டுப் பேத்தியைக் காட்டப்போகிறார் என்றாள். எனக்கே சற்று நெகிழ்ந்துவிட்டது, உண்மையைச் சொன்னால்.

பிறகு இழுத்தாள். தப்பாக நினைக்கக் கூடாது என்றாள். அன்றைக்கு நான் மட்டும் போனில் தெரியாமல் இருந்தால் நல்லது என்றாள். உடம்பு சரியில்லாததால் சொல்கிறாளோ என்று, பரவாயில்லை, எனக்கு இப்போது தேவலை என்றேன்.

“அதில்லீங்க அண்ணி. அப்பா ஊருக்குள்ள வேற மாதிரி சொல்லி வெச்சிருக்காருங்க. அண்ணன் அங்கயே ஒரு வெள்ளைக்காரியக் கட்டிக்கிச்சுன்னு.”

அவள் பயந்துபோய்ப் பேசிக்கொண்டே போனாள். நாலு வருஷமாகவே அப்படித்தானாம். வெள்ளைக்காரி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லையாம். கோயில் விசேஷத்தில் அப்பாவுக்குப் பழையபடி மரியாதை கிடைக்கிறதாம். எல்லாம் நல்லதுக்குத்தானாம். அண்ணனுக்கும் தெரியும் என்று கடைசியில் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவளே புரிந்துகொண்டு, குக்கர் சத்தம் கேட்கிறது என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 29

அல்லி என் நிறம். நெற்றி, கை, கால், காது மடல் எல்லாம் என் நிறம்.

அக்டோபர் 30

நேற்று முழுக்கக் காத்திருந்தேன், அவனாகச் சொல்வான் என்று. சொல்லவில்லை. இன்று மத்தியானம் துணி மடிக்கும்போது கேட்டேன்.

மறுக்கவில்லை. தெரியும், சுகந்தி சொல்லியிருந்தாள் என்றான். சொன்னால் வருத்தப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றான். தன் அப்பா சொன்ன பொய்க்குத் தான் என்ன செய்ய முடியும் என்றான். நாம் இங்கே இருக்கிறோம், அவர் அங்கே என்னவோ சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டானாம். விடு, விடு, விடு. கீழ்வீட்டுக்காரியை விட்டதுபோல.

நான் கத்தவில்லை. கத்தினால் அல்லி விழித்துக்கொள்வாள்.

“பேரு அவரோடது. அம்மா யாரோ வெள்ளைக்காரி. அப்ப நான் யாரு கதிர்? பால் குடுக்க வந்தவளா?”

அவன் கையில் அல்லியின் சின்னச் சட்டை ஒன்று இருந்தது. அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். “அவருக்கு எழுபத்தஞ்சாச்சு கொடி” என்றான். “பேசாமயே போயிருவாருன்னு நெனச்சேன்.”

அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். குப்பையை எடுத்துக்கொண்டு கீழே போனான். வெகுநேரம் ஆளைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி என்று போட்டு முடித்துவிட்டுத் தொட்டிகளுக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தான். மேலே கோட்டுப் போடாமல் இறங்கியிருக்கிறான். குளிர் எலும்பைக் குடைகிற நேரம்.

நான் கூப்பிடவில்லை. ஹீட்டரை மட்டும் கூட்டி வைத்தேன், பிள்ளைக்காக.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் போன் வந்தது. நான் சோபாவின் ஒரு மூலையில், தோளில் பால் நாற்றமடிக்கும் துணியோடு, தலை வாராமல் இருந்தேன். எழுந்து உள்ளே போகலாம். போகவில்லை. அதற்காக முன்னால் போய் உட்காரவும் இல்லை. எங்கே இருந்தேனோ அங்கேயே இருந்தேன்.

கதிர் அல்லியை மடியில் வைத்துக் கைப்பேசியைப் பிடித்தான். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். மேளம், பாத்திரச் சத்தம், குழந்தை அழுகை. சென்னியப்பன் குரல் பெருமையாக எல்லோரையும் அழைத்தது. பேத்தியப் பாருங்க, ஜெர்மனி, எம் பேரத்தான் வெக்கறாங்க. கைப்பேசி கை மாறிக்கொண்டே போனது தெரிந்தது. அப்பனாட்டமே மூக்கு என்றார் ஒருவர். நெறம் என்னமோ நம்மளாட்டவே இருக்குதே என்றார் இன்னொருவர். குளிர்காலத்தில் அப்படித்தான் என்று யாரோ விளக்கம் சொன்னார்கள்.

பிறகு கதிருடைய அத்தை, சென்னியப்பனின் தங்கை பாவாயி, வாங்கிக்கொண்டார். சின்ன வயதில் இவனை இடுப்பில் வைத்து வளர்த்தவராம்.

“எங்கடா உம் பொண்டாட்டி? தொரசாணியக் காட்டு, பாக்கலாம்.”

பின்னால் சென்னியப்பன், அவ தூங்குவாளாட்ட இருக்குது, போனக் குடு என்று சொல்வது கேட்டது. கதிரின் கட்டைவிரல் கைப்பேசியின் ஓரத்தில் அழுந்தி வெளுத்திருந்தது. துண்டித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அப்படிச் செய்தால் இந்த மனிதனோடு இனி எப்படி இருப்பது என்றும் அந்த நேரத்துக்குள்ளேயே நினைத்துவிட்டேன்.

அவன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான்.

“இவதானுங்க அத்தை. பேரு பொற்கொடி. மதுரைப் பக்கம் சோழவந்தான். முனியாண்டி மக. பதினோரு வருசத்துக்கு முன்னால நான் கட்டுனது இவளத்தானுங்க. வெள்ளைக்காரின்னு யாரையும் கட்டல.”

ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

திரையில் பாவாயி அத்தையின் முகம். மூக்குத்தி, சுருக்கம், பாதி திறந்த வாய். அவருக்குப் பின்னால் மேளத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. எத்தனை வருஷமாக மனதில் எழுதி எழுதி வைத்த வசனங்கள் என்னிடம். தோட்டத்து வாசலைப் பற்றி, கெசட்டைப் பற்றி, வெள்ளை விரிப்பைப் பற்றி. வாயைத் திறந்தேன்.

“சாப்பிட்டீங்களா அத்தை?” என்றேன்.

“ஆச்சு சாமி” என்றார் அவர், பழக்கத்தில். உடனே ஒரு கை குறுக்கே வந்தது. பந்தல் துணியும் மின்விசிறியும் ஒரு கணம் தெரிந்தன. இணைப்பு அறுந்தது.

இப்போது வரைக்கும் ஆறவில்லை எனக்கு. சாப்பிட்டீங்களாவாம். இதற்கா எம்.எஸ்ஸி. படித்தேன்?

நவம்பர் 4

சுகந்தியிடமிருந்து ஒரு செய்தி. கொஞ்ச நாளைக்கு யாரும் கூப்பிட வேண்டாம் என்று. அப்பா கைப்பேசி எண்ணையே மாற்றிவிட்டாராம்.

கதிர் அதைப் படித்துவிட்டு எனக்கும் காட்டினான். பிறகு தண்ணீர் சுட வைத்து, அல்லியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினான். பக்கத்தில் போய் உட்கார்ந்து நான் தண்ணீர் ஊற்றினேன். அவள் கழுத்து மடிப்பைத் துடைக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது. சோப்புப் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 5

பதிவு அலுவலகம். டிராமில் போகும்போதெல்லாம் ஜெர்மன் வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரு பெயர் என்றால் என்ன, அதைச் சொல்லும் விதத்திலேயே ஒரு மனிதனை எப்படி வாசலுக்கு வெளியே நிறுத்துவார்கள் என்று. வினைச்சொல் கடைசியில் வர வேண்டிய நீண்ட வாக்கியங்கள். ஃப்ராவ் ப்ராண்டுக்கு ஒரு வரலாற்று வகுப்பே எடுப்பதாக இருந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முடிவு செய்துவிட்டீர்களா என்றார்.

“முனியாண்டி” என்றான் கதிர்.

அவ்வளவுதான். உங்களுக்குச் சம்மதமா என்று என்னைக் கேட்டார். ஆம் என்றேன். கையெழுத்துப் போட்டோம். அழகான பெயர், இத்தாலியப் பெயர் மாதிரி ஒலிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுக்கி வைத்த வாக்கியங்களோடு நான் வெளியே நின்றேன். அவற்றை என்ன செய்வது? டிராம் நிறுத்தத்தில் கதிரிடமே சொல்லித் தீர்த்தேன், ஜெர்மனில். முழுவதையும் கேட்டான். ஒரு இடத்தில் இலக்கணத்தைத் திருத்தவும் செய்தான். இவனை என்னதான் செய்வது.

நவம்பர் 6

அப்பாவிடம் சொல்லியே ஆக வேண்டும். வேண்டாம் என்று சொன்னவரிடம், கேட்காமல் வைத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காமல் சொன்னேன். அல்லி முனியாண்டி. பதிந்தாயிற்று.

அந்த ஒற்றைக் கண் திரையில் அசையவே இல்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

“வேணாம்னேனே தாயி” என்றார். “மாப்பிள்ளை என்ன நெனப்பாரு?”

மாப்பிள்ளைதான் சொன்னார் என்றேன். நம்பவில்லை. கதிர் வந்து தலையைக் காட்டி, ஆமாங்க மாமா என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பா மூக்கை உறிஞ்சினார். மழை, சளி என்றார்.

அப்போது சொன்னேன். இங்கே டாக்டர் கிளினிக்கிலும், வங்கியிலும், நான் வேலை செய்கிற ஆய்வகத்திலும் என்னைப் பொற்கொடி என்று யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் நான் ஃப்ராவ் முனியாண்டிதான், நம் ஊரில் திருமதி என்று சொல்கிற மாதிரி. உங்கள் பெயரைச் சொல்லித்தான் எழுந்து நின்று கைகுலுக்குகிறார்கள். இத்தனை வருஷத்தில் இதை ஏன் அவரிடம் ஒரு தடவை கூடச் சொல்லாமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

“பிள்ளையவும் அப்படித்தான் கூப்பிடுவாகளா?”

ஆமாப்பா என்றேன்.

“எப்படிக் கூப்பிடுவாக? சொல்லு, கேப்போம்.”

டாக்டர் கிளினிக் வரவேற்பில் இருக்கும் பெண் கூப்பிடுவதுபோலவே சொல்லிக் காட்டினேன். “மூ...னியண்டி.”

அப்பா கைப்பேசியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார். இப்போது முழு முகமும் தெரிந்தது. புருவம் நெரிந்திருந்தது. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

“அதென்ன மூனி? பேரு முனியாண்டி. ஒழுங்காச் சொல்லச் சொல்லு.”

அடுத்த வாரம் தடுப்பூசிக்குப் போகும்போது சொல்கிறேன் என்றேன்.

“அடுத்த வாரம் வரைக்கும் என்னத்துக்கு? போன் இருக்குல்ல ஒங்கிட்ட?” என்றார்.